கம்பெனிச் சொத்து

"நானும் பேசறேன்னு சொல்றதுக்கு நீ யாருடி?"

கேட்டு முடிப்பதற்குள் கை விழுந்துவிட்டது. முதல் அடி கையால். அடுத்தது, மேஜைமேல் கிடந்த லேப்டாப் சார்ஜரால். ஒயரைப் பிடித்து அவன் சுழற்றிய வேகத்தில் அதன் கனத்த கட்டை அவள் இடது கன்னத்து எலும்பில் போய் இடித்தது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாயில் ரத்தம் கரித்தது.

அடித்தவனுக்கு வெளியே சி.இ.ஓ என்று பெயர். பெற்ற தாய்கூட "எங்க சி.இ.ஓ" என்றுதான் சொல்லுவாள். கம்பெனி என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டின் முன்னறையும் அதற்குள் ஒரு சின்ன அறையும்தான். விற்கப்போகிற சரக்கு, ஒரு பூட்டு. கதவில் இருக்கிற கேமரா வருகிறவரின் முகத்தைப் பார்க்கும். தெரிந்த முகமென்றால் திறக்கும். இல்லையென்றால், "யாரென்று தெரியவில்லை" என்று சொல்லும். அதற்கான மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவள்தான் இப்போது சுவரோரம் கிடக்கிறாள். கம்பெனிப் பதிவில் அவள் பெயர் கிடையாது. விசிட்டிங் கார்டிலும் கிடையாது. "பொண்டாட்டி பேரைத் தனியா எதுக்குப் போடணும்? அவ வேற நான் வேறயா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடேயப்பா, என்ன பெரிய மனசு!

இன்று முதலீடு செய்கிறவர் வருகிறார். கையெழுத்தாகிவிட்டால் கம்பெனி யாருடையது என்ற பேச்சே முடிந்துபோகும். அதனால்தான் காலையில் அவள் வாயைத் திறந்தாள். "எழுதினது நான்தானே? அவர் கேள்வி கேட்டா பக்கத்துல உக்காந்து நானும் பதில் சொல்றேன். பங்குதாரர்னு என் பேரையும் சேத்துடுங்க." அவ்வளவுதான் கேட்டாள்.

மாமியார் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா? புதுசா தொழில் ஆரம்பிச்சவனுக்கு ஆயிரம் டென்ஷன் இருக்கும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

"மாமா எந்தத் தொழிலை ஆரம்பிச்சாரு அத்தை, உங்களை அடிச்சதுக்கு?"

மாமியார் ஐஸ் துணியைக் கீழே வைத்தாள். பவுடரை எடுத்து மருமகளின் கன்னத்தில் அப்பினாள். ரொம்பப் பழக்கப்பட்ட கை அது.

முதலீட்டுக்காரர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சி.இ.ஓ நின்றுகொண்டே பொரிந்து தள்ளினான். தூக்கம் கிடையாதாம், சாப்பாடு கிடையாதாம், ஜெயிக்கணும் என்கிற ஒரே வெறியாம்.

"அதான் தம்பி வேணும். நான் சரக்கைப் பாத்துப் பணம் போடறவன் இல்ல. வெறியைப் பாத்துதான் போடுவேன். சரி, தொறந்து காட்டுங்க."

உள்ளறைக் கதவில்தான் பூட்டு இருந்தது. கம்ப்யூட்டரும் மற்ற கருவிகளும் உள்ளே. செய்து காட்டும்போது எந்தக் குழப்பமும் வரக்கூடாது என்று, பூட்டு பழகியிருந்த எல்லா முகங்களையும் நேற்றே அழிக்கச் சொல்லி, அவள் முகத்தை மட்டும் விட்டு வைத்திருந்தான் அவன். "அது தெனமும் பாக்கறது உன் மூஞ்சியைத்தான். தப்பே வராது" என்று சொன்னதும் அவனேதான். ஆனால் சார்ஜரைச் சுழற்றும்போது அந்த மகாபுத்திசாலிக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவள் கேமராவின் முன்னால் போய் நின்றாள். இடது கண் மூடியே போய்விட்டது. கன்னம் உப்பி மூக்குவரை வந்திருந்தது.

"யாரென்று தெரியவில்லை" என்றது பூட்டு.

இன்னொரு தடவை நின்றாள். அதே பதில். அவன் தாவி வந்து அவள் தாடையைப் பிடித்து முகத்தைக் கேமராவோடு அழுத்தினான். அடிபட்ட இடத்தில் கட்டைவிரல் புதைந்தது. அவள் அலறினாள்.

"கண்ணைத் தொறந்து பாருடி!"

"யாரென்று தெரியவில்லை."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார், இதுல பதிஞ்சிருக்கறது இவ மூஞ்சி மட்டும்தான்" என்றான் அசட்டுச் சிரிப்போடு.

"நான் விழல சார். இவர்தான் அடிச்சாரு."

முதலீட்டுக்காரர் எழுந்து வந்து அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "விழுந்த காயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அவள் தலைநிமிர்ந்தாள். கேட்டுவிட்டார்! இந்த வீட்டுக்குள் வந்து ஒரு மனுஷன் கேட்டுவிட்டார்!

அவர் அவன் தோளில் தட்டினார். "குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். கோவம் இல்லாதவன் கம்பெனி நடத்தவும் முடியாது. ஆனா தம்பி, மூஞ்சில மட்டும் கை வெக்காதீங்க. இனிமே அது கம்பெனிச் சொத்து. வீக்கம் வடியட்டும், திரும்பி வரேன்."

"சரிங்க சார். இனிமே மூஞ்சில வெக்க மாட்டேன்" என்றான் அவன், பணிவாக.

அவள் கேமராவை விட்டு விலகி வந்தாள். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சொத்துன்னு சொன்னீங்களே சார், அது என் கழுத்து மேலதானே இருக்கு? நான் எடுத்துக்கிட்டுக் கெளம்பறேன்."

அவன் சார்ஜரை மறுபடி ஓங்கினான். முதலீட்டுக்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "தம்பி, மூஞ்சி! மூஞ்சி!"

"எங்கடி போற?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு. அங்கேருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு."

வாசலை மறித்துக்கொண்டு மாமியார் நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், மகன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒதுங்கி வழிவிட்டாள்.

அதற்குள் முதலீட்டுக்காரருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது: அவள் போனால் கதவும் திறக்காது, கம்பெனியும் கிடையாது. பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா! நாம பேசிக்கலாம். உங்க பேரு என்னம்மா?"

அவள் திரும்பினாள். "கம்பெனிப் பத்திரத்துல பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

உள்ளே அவன் கதவை உதைக்க ஆரம்பித்திருந்தான். உதைத்து உதைத்துக் கால்தான் வலித்தது. கதவு அசையவில்லை. நல்ல பூட்டு அது. அவள் செய்தது.