அணைக்க மறந்த மைக்

எனக்குத் தொண்டை பெரிசு. கடைசி வகுப்பறையில் நின்று நான் வாய்ப்பாடு சொன்னால், வாசல் கேட்டில் இருக்கும் காவலாளியும் கூடச் சேர்ந்து சொல்வார். அப்படிப்பட்ட என் கழுத்தில் ஒரு மைக்கை மாட்டிவிட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

காது கேட்கும் கருவியோடு என் நாலாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

"நீங்க கத்தினா நாற்காலி இழுக்கிற சத்தமும் சேர்ந்துதான் அவளுக்குக் கேக்கும். இதுல பேசினா உங்க குரல் மட்டும் நேரா அவ காதுக்குப் போகும். முகத்தை அவ பக்கம் திருப்பிப் பேசுங்க, போர்டைப் பார்த்துப் பேசாதீங்க" என்று சிறப்பாசிரியை பாடம் எடுத்தார். நான் இத்தனை வருஷமாகப் போர்டோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அதைப் பார்க்காமல் எப்படி எழுதுவதாம்?

வந்த புதிதில் அந்தப் பெண் பிடித்து வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருத்தரும் அவளோடு பேச மாட்டார்கள். திடீரென்று பார்த்தால், இடைவேளை மணி அடித்ததும் மொத்த வகுப்பும் அவள் பெஞ்சைச் சுற்றி மொய்க்கிறது. அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வேறு. கேலி செய்கிறார்கள் என்று நினைத்து வகுப்பையே வறுத்தெடுத்தேன். "கேலி இல்ல டீச்சர், மரியாதை" என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. நான் பூரித்துப் போனேன். எல்லாரையும் சேர்த்து வைத்துக் கற்றுக்கொடுப்பது என்றால் இதுதான் என்று ஆசிரியர் அறையில் மார்தட்டினேன். தட்டியது மைக்கின் மேலேயே விழுந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அலறிக்கொண்டு காதைப் பொத்தினாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மைக்கை அணைக்க வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் தேர்வு வைக்கலாம் என்று போனால், எல்லாரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னொரு நாள் வாயாடி என் பக்கத்தில் வந்து, "சார்கிட்ட சமாதானம் ஆயிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"எந்த சார்?"

"உங்க வீட்டு சார். கேஸ் அடுப்பை அணைக்காம போனாரே."

போனில் நான் புருஷனைத் திட்டியபோது பக்கத்தில் இருந்தது ஓவிய ஆசிரியர் மட்டும்தான். அவர்தான் போட்டுக்கொடுத்தார் என்று அவரோடு பேச்சையே நிறுத்தினேன். பாவம், அந்த மனுஷன் இன்னும் காரணம் தெரியாமல் முழிக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் ஓர் இடைவேளையில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறை என் வகுப்பை ஒட்டியே இருக்கிறது.

"உங்க கிளாஸ்ல பாடம் மெதுவாப் போகுதுன்னு பெத்தவங்க புகார் சொல்றாங்க டீச்சர். அந்தப் பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. நீங்க சரின்னு சொன்னா அங்க அனுப்பிடலாம். உங்களுக்கும் கஷ்டந்தானே?"

கஷ்டமா என்று என்னிடம் கேட்கலாமா?

"அதை ஏன் சார் கேக்கறீங்க, உயிரை வாங்கறா! கொஞ்சம் திரும்பி நின்னா 'டீச்சர், முகம்'ங்கறா. வேகமாப் பேசினா கையைத் தூக்கறா. ஒரே கணக்கை விதவிதமாச் சொல்லிச் சொல்லி என் வாயே தேஞ்சு போச்சு. அவ வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு நாள் நிம்மதி கிடையாது."

"அப்போ அனுப்பிடலாம்."

"யாரை அனுப்பறது? அவளுக்காக விதவிதமாச் சொல்லப் போய்த்தான் கடைசி பெஞ்சுக்கே பின்னம் புரிஞ்சிருக்கு. அவ என் கிளாஸ் பொண்ணு. எங்கயும் போக மாட்டா. புகார் சொல்றவங்களை என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்!"

யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் விறுவிறுவென்று வகுப்புக்குத் திரும்பினேன்.

வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பெண் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்திருந்தாள்.

"டீச்சர், நீங்க என்ன பேசினீங்கன்னு இவ சொல்லவே மாட்டேங்கறா" என்று வாயாடி புகார் சொன்னாள்.

"நான் அங்க பேசினது இவளுக்கு எப்படித் தெரியும்?"

அத்தனை பேரும் என் கழுத்தைக் காட்டினார்கள். குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேர்வு, அடுப்பு, புருஷன் எல்லாம் ஒரேயடியாக விளங்கிற்று. என் மானம் கப்பலேறியது கிடக்கட்டும், இவள் எதைக் கேட்டாள்?

முட்டி போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வாள்.

"எது வரைக்கும் கேட்டே?"

"நிம்மதி கிடையாதுன்னு சொன்னீங்களே, அது வரைக்கும்."

"ஐயோ, அதுக்கப்புறம்தான்டா முக்கியமானதே! உன்னை வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்னு சார் கேட்டார். முடியவே முடியாதுன்னுட்டேன்."

அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள்.

"என் முகத்தைப் பார்த்து எல்லாரும் நல்லாத்தான் டீச்சர் பேசுவாங்க."

அழுகை வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் சீக்கிரம் வரும். கருவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "மாட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா டீச்சர்?"

"கஷ்டமான்னு கேட்டீங்கல்ல சார், மறுபடியும் கேளுங்க."

"எதுக்கு?"

"கேளுங்க சார்!"

பயந்துபோய்க் கேட்டார். நான் 'உயிரை வாங்கறா'வில் ஆரம்பித்து ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொன்னால் நடிப்பு என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"இதையேதானே இப்போ சொன்னீங்க?" என்றார்.

"உங்க பதிலைத்தான் நீங்க இன்னும் சொல்லல." நாற்காலியை அவர் பக்கம் இழுத்து, கழுத்தை நீட்டினேன். "கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்க."

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார். "சரிம்மா, சரி, அவ இங்கயே படிக்கட்டும்" என்றார். அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் ஓவென்று ஒரு கூச்சல். "என்ன சத்தம்?" என்றார். "பின்னம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் கேட்டுட்டிருக்கேன்னு உங்களுக்கு இந்தத் தடவை தெரியும்தானே டீச்சர்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உயிரை வாங்கறான்னு சொன்னீங்களே?"

"வாங்கறே இல்ல?"

"ஆமா" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள்.