தங்கம் கொடுத்த டிக்கெட்

ஆறு வாரமாகப் பூரணத்தின் நோட்டுப் புத்தகத்தில் ஒரே வாக்கியந்தான்: ‘தங்கம் இன்றும் விளையாடவில்லை.’

1963ஆம் வருஷம், சிங்கப்பூர். பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்த பூரணத்துக்கு அது கடைசி ஆண்டு. பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொள்ள மறுத்த பிள்ளைகளுக்காகக் குவீன்ஸ்டவுன் சமூக நிலையம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் காலையில் வகுப்பு நடந்தது. வளர்ச்சி மெதுவாக இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியாகப் பேச்சு வருமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. மரக்கட்டைகள், பொம்மைகள், வண்ண மணிகள் எல்லாம் கொண்டுபோய்ப் பரப்பினாள். மற்ற பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எட்டு வயசுத் தங்கம் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘காரணமில்லாத கையசைவு’ என்று பூரணம் அதையும் குறித்துவைத்தாள்.

விரிவுரையாளர் மிஸஸ் லிம் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, “வேறு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொள். உனக்கு நாள் போதாது” என்றார்.

பூரணத்துக்கு மனசு ஒப்பவில்லை. தங்கத்தின் தாய் மங்களத்திடமே கேட்டுவிட்டாள். “அக்கா, வீட்டுல இவளுக்கு எதுதான் பிடிக்கும்?”

“வீட்டுல ஒண்ணுமில்ல டீச்சர். ஆனா சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போறோம்ல, பஸ்ல ஏறிட்டாப் போதும், வேற பிள்ளையாயிடுவா. நீங்களும் வாங்களேன், பாக்கலாம்.”

அந்தச் சனிக்கிழமை பூரணம் கூடவே போனாள். பேருந்தில் தங்கம் இருக்கையில் உட்காரவே மாட்டேனென்று கண்டக்டரை ஒட்டி நின்றாள். அவர் டிக்கெட்டில் துளை போடும் கருவியை ‘டிக் டிக்’ என்று அழுத்த அழுத்த, அவள் முகம் மலர்ந்தது. அவர் கை மூடும்போது அவள் கையும் மூடியது. திறக்கும்போது திறந்தது.

பூரணத்துக்குச் சுரீரென்றது. இந்தப் பிள்ளை ஆறு வாரமாக விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! தனக்குத்தான் அது தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அஞ்சலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா அம்பலவாணரைப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தில் துளை போடும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது.

“பிள்ளை, இது கந்தோர்ச் சாமான். திங்கட்கிழமை வேலைக்குப் போகேக்க எனக்குத் திருப்பி வேணும்” என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லித்தான் கொடுத்தார். (பிறகு திங்கட்கிழமை அவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டி வந்தது வேறு கதை.)

அடுத்த வகுப்பன்று பூரணம் பொம்மைகளை எடுக்கவே இல்லை. பெஞ்சுகளை இரண்டிரண்டாக வரிசை போட்டாள். பிஸ்கட் தகர மூடியைச் சக்கரமாகப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து, “பஸ் கிளம்பப் போகுது!” என்றாள். நாலைந்து பிள்ளைகள் ஏறினார்கள். தங்கம் அசையவில்லை. பூரணம் ஒரு பழைய டிக்கெட்டை எடுத்துத் துளை போட்டாள். டிக்.

தங்கம் தலையைத் திருப்பினாள். மறுபடி டிக். எழுந்து நேராக வந்து, பூரணத்தின் கையிலிருந்து கருவியையும் டிக்கெட்டுகளையும் பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததைப் பூரணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஹனீபா என்ற பையன், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவன், கூடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். தங்கம் அவன் வழியை மறித்து நின்று, ஒரு டிக்கெட்டில் துளை போட்டு நீட்டினாள்.

“டிக்கெட்!”

ஹனீபா அப்படியே நின்றான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சமர்த்தாகப் போய் உட்கார்ந்தான். வாசலில் இருந்த மங்களம் உரக்கச் சிரித்தாள். “ஐயோ டீச்சர், கேட்டீங்களா? அவங்கப்பா மாதிரியே அதட்டுறா!”

அன்று முழுக்கப் பூரணம் வண்டி ஓட்டினாள். குறிப்பு எழுத மறந்தே போனாள்.

பயந்துகொண்டே மிஸஸ் லிம்மிடம் போய்ச் சொன்னாள். “அப்படியானால் நானே வந்து எழுதுகிறேன்” என்று அவர் மறுவாரம் கடிகாரமும் பேனாவுமாக வந்தார். வந்து ஓரமாக நின்றது தங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் பாவாடையைப் பற்றி இழுத்து, “டிக்கெட்!” என்றாள். படிப்பில் பெரிய பெயரெடுத்த அந்த அம்மாள் வேறு வழியில்லாமல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். பேனாவையும் காகிதத்தையும் தரையில் வைத்துவிட்டு, ஹனீபாவோடு சேர்ந்து வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஆடினார்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். யாரும் ஒரு வரி எழுதவில்லை.

“நான் எழுதியிருக்கேன் டீச்சர்” என்று மங்களம், மிஸஸ் லிம் கீழே வைத்த காகிதத்தையே கூச்சத்தோடு நீட்டினாள். நாலாம் வகுப்போடு நின்ற தமிழ் எழுத்து, கோணல்மாணலாக இருந்தது. ‘ஹனீபா முகத்தை மூணு தரம் பார்த்தாள். கூன் விழுந்த சீனப்பிள்ளைக்கு ஏறக் கை கொடுத்தாள், யாரும் சொல்லாமலே. ஒரு தரம் சிரித்தாள். “உக்காரு” என்றாள், இது புதுசு.’

பூரணம் அதை ஆங்கிலத்தில் படித்துச் சொன்னாள். மிஸஸ் லிம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“இதைவிட நன்றாக நானும் எழுதியிருக்க முடியாது. இனிமேல் தாய்மாரே எழுதட்டும். ஆய்வில் அப்படியே சேர்த்துவிடு, பெயரோடு.”

“என் பேரா? பரீட்சைப் பேப்பர்லயா? என்னா டீச்சர், விளையாடாதீங்க லா!” என்றாள் மங்களம், பூரணம் அதைத் தமிழில் சொன்னதும்.

தீபாவளிக்குள் தங்கத்துக்குப் பதினோரு வார்த்தை வந்துவிட்டது. பூரணத்தின் ஆய்வு முதல் தரத்தில் தேறியது. மறுவருஷம் அதே கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வகுப்பும் வாரம் மூன்று நாளாயிற்று. வாசல் பெஞ்சில் மங்களத்தோடு இன்னும் மூன்று தாய்மார்கள் ஆளுக்கொரு நோட்டுடன் உட்கார்ந்தார்கள். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிக்கொண்டு, யார் பிள்ளை முதலில் சிரித்தது என்று அவர்கள் போட்ட சத்தத்தில், உள்ளேயிருந்து பூரணம் அடிக்கடி எட்டிப் பார்த்து, “கொஞ்சம் மெதுவா, அக்கா!” என்று சொல்ல வேண்டியிருந்தது.