ஹாஜியாரின் வானிலை

கணவனுடைய குதிரின் மூடியை மனைவி திறந்து பார்க்கக் கூடாது. டெலுவின் ஊரில் அப்படித்தான். கோடை முழுக்க அவள் தன் சொந்தக் கொல்லையில் விளைந்ததைப் போட்டுக் குடும்பத்தை ஓட்ட வேண்டும். மழை இறங்கியதும் கணவன் மூடியைத் தூக்கிச் சாப்பாட்டுக் கம்பையும் விதைக் கம்பையும் எடுப்பான். எல்லை தாண்டி நைஜீரியாவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த அவள் கணவன் சைபு முதல் மழையோடு திரும்பி வந்தான். வந்தவன் மூடியைத் தொடாமல் திருதிருவென்று விழித்தான். டெலுவே ஏறிப் பார்த்தாள். உள்ளே ஒரு மணி கம்பு இல்லை.

"கம்பு எங்க?"

"அறுப்பு முடிஞ்சதுமே வித்துட்டேன். வறட்சி தீந்துடுச்சு, இனி முப்பது வருஷம் நல்ல மழைன்னு கம்பு யாவாரி பதமாசி ஹாஜியார் சொன்னாரு. இப்ப விக்கலைன்னா அப்புறம் கம்பை வாங்க நாதி இருக்காதுன்னாரு."

"விதையுமா?"

"அதையும்தான். அந்தக் காசு கடனுக்குப் போச்சு, அங்க கூலியும் சரியாக் கிடைக்கல," என்றான் சைபு.

டெலுவின் கொல்லைக் கம்பு கோடையிலேயே பிள்ளைகள் வயிற்றுக்குள் போய்விட்டது. ஈரம் காய்வதற்குள் விதை விழாவிட்டால் இந்த வருஷமே போச்சு. புருஷனை இழுத்துக்கொண்டு டெசாவா சந்தைக்கு நடந்தாள்.

பதமாசியின் கிடங்கு வாசலில் பெண்கள் கிண்ணங்களோடு வரிசையில் நின்றார்கள். விலை அறுப்புக்கால விலையைப் போல மூன்று மடங்கு.

"என்னை ஏம்மா திட்டுறீங்க? இது வறட்சிச் சுத்து. இன்னும் முப்பது வருஷத்துக்கு விலை இறங்காது," என்றான் பதமாசி.

அறுப்பின்போது முப்பது வருஷம் மழை என்று பேசியதும் இதே நாக்குதான். என்ன நெஞ்சழுத்தம்! மழையும் வறட்சியும் மாறி மாறி நீண்ட காலம் நிற்பது பொய்யில்லை, அது அந்த ஊரே அனுபவித்தது. அந்த நிஜத்தை வைத்தல்லவா இந்த ஆள் வயிறு வளர்த்தான்!

"விதைக்குக் கம்பு வேணும் ஹாஜியாரே. காசு இல்ல," என்றாள் டெலு.

"அதுக்கென்ன. ஒரு படி வாங்கிக்க, அறுப்புல மூணு படி குடு. அப்ப விலை விழுந்துடுமில்ல."

"ஏன் விழணும்? இறங்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது வேற கணக்கும்மா."

"என்ன வேற? நாங்க விக்கிறப்ப மழை, வாங்குறப்ப வறட்சியா? விலை இறங்காதுன்னா படிக்குப் படிதான் தருவேன். இறங்கும்னா அதை இவங்ககிட்டயும் சொல்லிட்டு அளங்க."

பெண்கள் கிண்ணங்களை இறக்கிவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள். பதமாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படிக்குப் படியே குடு, போ," என்று அளந்து போட்டான்.

திரும்பும் வழியில், "நல்லா மடக்கிட்டே," என்றான் சைபு.

"என்னத்த மடக்கினேன்? நம்ம கம்பை நமக்கே குடுத்தான். அதுக்கு வர்ற அறுப்புல வேற அளக்கணும். வாயை மூடிட்டு நடங்க, மண்ணு காயுது."