அரைக்கைச் சட்டை

வெள்ளைத்துரைக்குக் குனிந்தால்தான் வலி. நிமிர்ந்து நடக்கையில், கல்லாவில் உட்கார்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது. எதையாவது குனிந்து பார்த்தால் போதும், பிடரியில் ஆணியை வைத்து அடித்த மாதிரி ஆரம்பித்து வலது தோள்பட்டை வரைக்கும் இறங்கிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வெகுநேரமாகக் குனிந்தபடிதான் இருந்தார். கூடத்துத் தரையில் அமெரிக்கா விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு எவர்சில்வர் டம்ளர்களை வைத்திருந்தாள் மகள் லாவண்யா. கடையிலிருந்து வந்த டம்ளர்கள். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் அவருக்குப் பாத்திரக்கடை.

“அப்பா, இங்க பாருங்க. இது நியூ ஜெர்ஸி. அண்ணன் வீடு. இங்கேருந்து நயாகரா, அப்புறம் வாஷிங்டன். அப்புறம் ப்ளைட்ல இதோ, கீழ வால் மாதிரி இருக்கே, ஃப்ளோரிடா. இங்கதான் டிஸ்னி.”

சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அவள் சுழித்துக்கொண்டே போனாள். அவருடைய கண் அந்தச் சுழிகளில் இல்லை. ஹூஸ்டன் என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும். கேட்டால் மகளே காட்டிவிடுவாள். ஆனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில், எங்கோ ஒரு மூலையில், சிவப்புக் கோடு எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் அது கிடந்தது. அண்ணன் வீட்டில் ஒரு விரலும் அங்கே ஒரு விரலுமாக வைத்துப் பார்த்தார். ஒரு சாண் போதவில்லை.

“இது எவ்வளவு தூரம்டா கண்ணு? காலையில கார்ல போனா ராத்திரி வந்துரலாமா?”

லாவண்யா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஐயோ அப்பா! ஹூஸ்டனா? இங்கேருந்து டெல்லி போற மாதிரி. சைதாப்பேட்டை போயிட்டு வர்றதுன்னு நெனச்சீங்களா?”

அடுப்படியில் இருந்த தங்கமும் சிரித்தாள். “உங்க அப்பாவுக்கு அமெரிக்கான்னா ஒரே தெரு. இந்த வீட்டுல காபி குடிச்சிட்டு அந்த வீட்டுல சாப்பிட்டுரலாம்.”

அவரும் சிரித்து வைத்தார். உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தார்.

கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனபோது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். “கல்லாவுல உக்காந்து உக்காந்து வந்தது சார்” என்றார் இவர். பக்கத்தில் தங்கம் இருந்தாள். ஊரிலிருந்து வந்ததும் மாமா ஒருவரின் பாத்திரக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தவர் என்பதுதான் அவள் அறிந்த கதை. பெண் பார்த்தபோது யாரோ அப்படிச் சொன்னார்கள், அவர் மறுக்கவில்லை. மறுக்காததே நாளடைவில் உண்மையாகி, பிள்ளைகளுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. பாத்திரக்கடைக்கு முந்தைய ஆறு வருஷம் கொத்தவால்சாவடி சந்தையில் வெங்காய மூட்டை தூக்கியதை அந்த வீட்டில் அவருடைய பிடரி எலும்பைத் தவிர வேறு யாரும் அறியமாட்டார்கள்.

கடையில் ஒருத்திக்குத் தெரியும். முத்தம்மா. பின்கட்டு குடோனில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டி, அடுக்குவது அவள் வேலை. அந்தக் காலத்தில் சாவடியில் கூடை சுமந்தவள். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி ஒரு வெங்காயக் கிட்டங்கி வாசலில் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தபோது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று கூட மூட்டை தூக்கியவர்களே ஒதுங்கிப் போனார்கள். முத்தம்மாதான் தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்தாள். உப்பில்லாத சோற்றைப் பிசைந்து, “துன்னு தொரை, செத்துகித்து வைக்காத, தூக்கறதுக்குக்கூட இங்க ஆள் கெடையாது” என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள். எழுந்து நிற்க ஒரு மாதம் ஆயிற்று. அவர் கடை வைத்தபோது அவளாகத்தான் வந்து வேலை கேட்டாள். அன்றைக்கே ஒரு ஏற்பாடு, வாய்விட்டுப் பேசாமலே, இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது. ஆள் இருந்தால் “மொதலாளி”. ஆள் இல்லாவிட்டால் “தொரை”. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் தப்பாக மாற்றிச் சொன்னதில்லை.

விசா கிடைத்த அன்று கடையில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். பையன் பாலகணேஷ் கம்ப்யூட்டர் வேலையாக அங்கே போய் இரண்டு வருஷம். இப்போது அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரையும் ஒரு மாதம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டப்போகிறான். சேல்ஸ் பையன்களெல்லாம் சூழ்ந்து நின்றார்கள். முத்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குடோனிலிருந்து வந்தாள்.

“மொதலாளி, எம்புள்ள ஏழுமலையும் அங்க தான கீறான். ஊஸ்டன்ல. ஓட்டல்ல சமையல்காரனா.”

“அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு! அமெரிக்கா வரைக்கும் போயிட்டு உன் மகனைப் பாக்காம வருவனா?” என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. சொன்னபோது நெஞ்சு நிறைந்திருந்தது. சொன்னது அவளுக்காகவா, நின்று கேட்டவர்களுக்காகவா என்று அப்போது யோசிக்கவில்லை.

சாயங்காலம் குடோனில் தனியாக இருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“தொரை, பாக்கறது மட்டும் இல்ல. அவன் கூட நின்னு ஒரு போட்டோ புடிச்சிகினு வா. போன வருசம் எண்ணெ சட்டி கவுந்து கைல ஊத்திக்கிச்சு. கேட்டா, ஒண்ணும் இல்லம்மா, லேசா பட்டுச்சுன்றான். பேப்பர் இன்னும் சரியாவலியாம், ஊருக்கும் வரமாட்டேன்றான். சரி, ஒரு போட்டோவாவது அனுப்புடான்னா, கோட்டு மாட்டிகினு கைய பாக்கெட்டுல வுட்டுகினு நிக்கிறான். கேட்டா குளிராம். எனக்குக் காது குத்தறான்.”

“போட்டோதான? எடுத்துட்டா ஆச்சு.”

“நான் ஒரு அரக்கை சட்ட வாங்கியாந்து குடுக்கறேன். ஆத்தா குடுத்தா, இத்தப் போட்டுகினு நில்றான்னு சொல்லு. மாட்டேன்னு சொல்ல மாட்டான். கை தெரியணும் தொரை. எப்பிடி இருந்தாலும் சரி, தெரியணும். கருவாடு கூட குடுத்தனுப்பலாம்னு பார்த்தேன். ஏரோப்ளேனே நாறிப்பூடும். பாதி வழில எறக்கி வுட்டானுங்கன்னா, நீ எங்கன்னு போவ?”

அவர் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சட்டையைக் கொடு என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. வழக்கமாக ஞாயிறு காலையில் பாலகணேஷ் கூப்பிடும் நேரம். தங்கம் பேசினாள், லாவண்யா பேசினாள், பிறகு அவர் வாங்கினார். வெளிநாட்டுப் போன் என்றால் வெள்ளைத்துரை கத்தித்தான் பேசுவார். தூரத்துக்குத் தகுந்த சத்தம் வேண்டாமா? பக்கத்தில் பேசுகிற மாதிரிதான் கேட்கிறதப்பா, மெதுவாகப் பேசுங்கள் என்று மகன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். ரிசீவரை எடுத்ததும் குரல் தானாக ஏறிக்கொள்ளும்.

“கணேசா! ஹூஸ்டன்னு ஒரு ஊர் இருக்காம்ல! அங்க போக முடியுமா!”

“ஹூஸ்டனா? அது எதுக்குப்பா? அங்க பாக்க ஒண்ணும் இல்லையே.”

“ஒரு ஆளைப் பாக்கணும்!”

மகன் கணக்குப் போட்டான். “ப்ளைட்லதான் போகணும். போக வர, அங்க தங்கன்னு மூணு நாள் ஆயிடும். எனக்கு லீவு அவ்வளவுதான் இருக்கு. டிஸ்னிய கட் பண்ணிட்டா போலாம்பா. நீங்க சொல்லுங்க. யாரு அவங்க? முக்கியமானவங்களா?”

முக்கியமானவர்களா என்று அவன் உண்மையாகத்தான் கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிக்கெட்டை மாற்றியிருப்பான், நல்ல பையன். ஆனால் அந்த ஒரு வார்த்தை அத்தோடு நிற்காது. ஏன் முக்கியம் என்று அடுத்துக் கேட்பான். கோணி, காமாலை, வெங்காய மூட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கூடத்துக்குள் வந்து இறங்கும். தங்கம் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டிஸ்னி என்ற பேச்சு அடிபட்டதும் லாவண்யா தரையிலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா அவள் கையில் அப்படியே நின்றது.

“அதெல்லாம் இல்லடா! யாரோ ஒரு பொம்பளை! கடையில பாத்திரம் துடைக்கா! மகன் அங்க இருக்கான், பாருங்கன்னு நச்சரிச்சா! சரி சரின்னு சொல்லி வச்சேன்! நீ அதையெல்லாம் கணக்குல எடுக்காத!”

“சரிப்பா. அப்ப டிஸ்னி கன்ஃபர்ம்.”

போனை வைத்ததும் வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. அவ்வளவு சத்தமாகவா பேசினோம் என்று அவருக்கே தோன்றியது.

“யாருங்க, நம்ம முத்தம்மாவா?” என்றாள் தங்கம். “அவ வந்து வெளியில படியிலதான் உக்காந்திருக்கா. நீங்க போன்ல இருந்தீங்க, செத்த இருன்னு சொன்னேன்.”

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

கூடத்திலிருந்து வாசலுக்கு எட்டே எட்டு வைத்தால் போதும். எழுந்திருக்கவே முடியாத மாதிரி கால் கனத்தது. மூட்டை ஏற்றும்போது முதல் அடி வைக்கத்தான் கஷ்டம், வைத்துவிட்டால் நடந்துவிடலாம். நடந்தார்.

முத்தம்மா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரங்கநாதன் தெருக் கடையின் மஞ்சள் துணிப்பை. அவரைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எப்போதும் போலப் புகையிலை அடக்கிய கன்னம், எப்போதும் போல இடுங்கிய கண். கேட்டிருக்காது என்று ஒரு நொடி அவர் நம்பினார். கீழ்வீட்டு ரேடியோ சத்தம் வேறு இருந்தது.

“எப்ப வந்த முத்தம்மா?”

“இப்பத்தான்.”

பையை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். உள்ளே கண்ணாடித்தாள் உறையில் நீலக் கட்டம் போட்ட சட்டை. காலரில் அட்டை, குண்டூசி எல்லாம் அப்படியே இருந்தது. அரைக்கை.

“அளவு தெரில. போவசொல்ல இருந்த ஒடம்ப வெச்சி எடுத்தேன்” என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தவும் இல்லை, ஏற்றவும் இல்லை. “வழில இருந்தா குடுங்க மொதலாளி. இல்லாங்காட்டி உங்க புள்ளைக்கு ஆவும்.”

படியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. தங்கம் அடுப்படிக்குப் போய்விட்டாள், உள்ளே குக்கர் விசில் அடித்தது. முத்தம்மா, ஒரு நிமிஷம் இரு என்று சொல்லி, உள்ளே போய் மகனைத் திரும்பக் கூப்பிடலாம். எஸ்.டி.டி. பூத் தெருமுனையில் இருக்கிறது, அங்கே போயாவது பேசலாம். அவன் இன்னும் தூங்கியிருக்கமாட்டான்.

“காபி குடிச்சிட்டுப் போயேன்” என்றார்.

“வேணாம் மொதலாளி. பஸ்ஸு போய்டும்.”

ஒவ்வொரு படியாகக் கைச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு முழங்கால் வலி. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள், மேலே பார்க்கவில்லை.

அவர் உள்ளே வந்தார். அது என்ன பை என்று யாரும் கேட்கவில்லை. லாவண்யா தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, டிஸ்னி இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் வரைந்து, அதற்குள் வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்க்க அவருக்கு ஆசையாகவும் இருந்தது, பார்க்க முடியாமலும் இருந்தது.

படுக்கையறையில் பெட்டிகள் இப்போதே வாய் திறந்து கிடந்தன. ஸ்வெட்டர்கள், தங்கத்தின் புது ஷூ, ஊறுகாய் டப்பாக்கள், மகனுக்கு இட்லிக் குக்கர். ஒரு பெட்டிக்கு இவ்வளவு எடைதான் என்று தங்கம் நிறுத்து நிறுத்து அடுக்கியிருந்தாள். அவர் சட்டையை அடியில் செருகப் பார்த்தார். கண்ணாடித்தாள் சரசரவென்று சத்தம் போட்டது. வெளியே எடுத்தார். பீரோவைத் திறந்து கீழ்த்தட்டில், பழைய வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். அதுவும் சரியாக இல்லை. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

குனிந்து பார்த்தால் வலித்தது. குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் குத்தி விறைப்பாக நின்ற காலர், அதற்குக் கீழே இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேலேயே முடிந்துபோகும் இரண்டு கைகள், அவற்றுக்குள் ஒன்றுமில்லை.

நாளைக்கு அவள் கடைக்கு வருவாள். பாத்திரம் துடைப்பாள்.

முத்தம்மாவுக்கு ஒரு போட்டோ பாக்கி.