பல்லிக்குக் காத்திருந்தவர்கள்

பல் மருத்துவர் இளஞ்செழியன் சேலத்தில் ஒரு பறவை ஆர்வலர் சங்கத்தின் தலைவர். சங்கத்தை அவரே தொடங்கியதால் தேர்தல் என்ற தொந்தரவு இருக்கவில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இலைதழை அச்சடித்த சட்டை, கால்சட்டை, தொப்பி சகிதம் அவர் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் வந்து இறங்கினார். வாத்துகளின் கண்ணில் படாமலிருக்க அந்த உடை. வந்த கார் நல்ல சிவப்பு.

தண்ணீர் ஏரியின் நடுவே ஒதுங்கிக் கிடந்தது. அதில் சில கறுப்புப் புள்ளிகள் மிதந்தன.

"ஊசிவால் வாத்து. சைபீரியாவுல இருந்து வந்திருக்கு" என்றார் டாக்டர், தானே டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரைப் போல.

சங்கச் செயலாளர் பரக்கத் அலி கொலுசுக் கடை வைத்திருப்பவர். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு தண்ணி பாட்டில் மாதிரி இருக்கே டாக்டர்."

"தூரத்துல அப்படித்தான் தெரியும்."

"மூடி நீலக் கலர்ல இருக்கு."

டாக்டர் பைனாகுலரை வேறு பக்கம் திருப்பினார். பனி விலகி வெயில் ஏறியது. வாத்துகள் கரைப்பக்கம் வருவதாக இல்லை. "சரி, கூகையைப் பார்ப்போம்" என்று கரையோரத்து அம்மன் கோயிலை நோக்கி நடந்தார். கோயில் மண்டபத்துக் கூரை இடுக்கில் வெண்கூகை என்ற ஆந்தை ஒன்று குடியிருப்பதாக அவருக்குத் தகவல் வந்திருந்தது.

கோயிலின் பின்சுவரை ஒட்டிச் சங்கத்தார் எல்லோரும் பதுங்கினார்கள். கூகை வெளியே வரக் காணோம். டாக்டர் பையிலிருந்து கையடக்க ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தார். பரக்கத் அலி பதறினார்.

"டாக்டர், பறவைக் குரலைப் போட்டு பறவையைக் கூப்பிடக் கூடாதுன்னு நம்ம சங்கத்துல விதி இருக்கு. நீங்கதானே எழுதினீங்க?"

"அது உறுப்பினர்களுக்கு" என்றார் தலைவர்.

அதே நேரம் கோயிலின் முன்பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தன. அங்கமுத்து லாரி ஓட்டுகிறவர். அவர் மகள் ரஞ்சிதாவுக்கு முன்பு வந்த வரன்கள் ஜாதகத்திலேயே செத்துப்போயின. இந்த வரன் பிழைத்துக்கொண்டது. மாப்பிள்ளை இளவழகன் நாமக்கல் பக்கம் கோழித்தீவன மில்லில் சூப்பர்வைசர், ஊர் சேந்தமங்கலம். இருவருக்கும் பிடித்துப்போய், போனில் பேசிப் பேசி, பிறக்காத பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுவரை போயிருந்தார்கள். அம்மனின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. வேண்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வலப்பக்கம் பல்லி சொன்னால் அம்மன் சரி சொன்னதாக அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா பழனியம்மாள் இதில் கறார். பல்லி சொல்லாமல் அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறுகூடப் போட்டதில்லை.

ரஞ்சிதா வலப்பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பல்லி இருக்கத்தான் செய்தது. தொண்டை துடித்தது. இதோ சொல்லப்போகிறது என்று இளவழகன்கூட நிமிர்ந்தான்.

கிர்ர்ரீச்ச்!

துணி கிழிபடுவதுபோல ஓர் அலறல். பல்லி ஓடி மறைந்தது. சில நொடிகளில், தலைக்கு மேலே கூரை இடுக்கிலிருந்து அதே அலறல் இன்னொரு முறை.

பழனியம்மாள் எழுந்துவிட்டார். "சாக்குருவி! சாவுச் சகுனம். எந்திரி இளவழகா."

"ஏனுங்கம்மா, செத்த இருங்க" என்று அங்கமுத்து கை கூப்பினார்.

"இன்னும் என்னத்துக்குங்க இருக்கோணும்? அம்மன் வாயத் தொறந்தே சொல்லிப்போட்டா."

அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து சங்கத்தார் கேமராக்களோடு ஓடிவந்தார்கள். டாக்டரின் கையில் ஸ்பீக்கர். அங்கமுத்துவுக்கு அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பியது.

"ஏனுங்க சார், இப்பக் கத்துனது இந்தப் பொட்டிங்களா?"

"ஆமா. என் போன்ல இருந்துதான்" என்றார் டாக்டர்.

"கேட்டீங்களாம்மா! குருவியில்லீங்க, போனுங்க!"

பழனியம்மாள் பெட்டியைப் பார்த்தார், டாக்டரின் தொப்பியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "இதென்ன சாமி வெளையாட்டு, கோயில்ல?" என்றபடி உட்காரப் போனார். ரஞ்சிதா அவர் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் கீழே இழுத்து உட்காரவைக்கப் பார்த்தாள்.

பரக்கத் அலி டாக்டரின் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளினால் நிற்கிற ஆளா?

"முதல் குரல்தான் என்னுது" என்றார் டாக்டர், மேடையேறியவரின் தொனியில். "ரெண்டாவது குரல் நிஜக் கூகை! பதில் கொடுத்திருக்கு! அறிவியல்ல தப்பா ஒரு தகவல் பதிவாயிடக் கூடாது பாருங்க."

"அப்ப நெசமாவே மேல இருக்குதுங்களா?" என்று கேட்டார் பழனியம்மாள்.

"இருக்கு. ஜோடியாவே இருக்கலாம்!"

பழனியம்மாள் நிமிர்ந்தார்.

"அம்மா, மூடநம்பிக்கை வேண்டாம். கூகை விவசாயியோட நண்பன். ஒரு ராத்திரியில எத்தனை எலி பிடிக்கும் தெரியுமா?"

"எலி புடிக்கறதுக்கா சாமி நான் மருமவ எடுக்கறேன்?"

டாக்டர் விடவில்லை. வெள்ளெலி, வயல் எலி, பெருச்சாளி என்று வகைபிரிக்கத் தொடங்கினார். அந்தப் பேச்சுக்கு நடுவே பல்லி திரும்பவும் சொல்லியிருக்கலாம், வலத்திலேயே சொல்லியிருக்கலாம். யாருக்குக் கேட்டது?

"வேற கோயில்ல கேட்டுப் பாக்கலாமுங்களா?" அங்கமுத்துவின் குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மனுக்கு அம்மன் வார்த்தை மாறுமுங்களா?" பழனியம்மாள் ரஞ்சிதாவின் கன்னத்தைத் தொட்டார். "உன்ர மேல ஒரு கொறையுமில்ல அம்மிணி. நல்லா இரு."

குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனின் கதவருகே இளவழகன் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஏறு சாமி" என்றார் அம்மா. மில்லில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர் ஏறி உட்கார்ந்தான். வேன் ஏரிக்கரைமேல் ஏறியது.

டாக்டர் கேமராத் திரையை ரஞ்சிதாவிடம் நீட்டினார். "இங்க பாரும்மா, எவ்வளவு அழகு! இதுக்குப் போய் பயப்படறாங்களே."

அவள் பார்த்தாள். இதய வடிவில் வெள்ளை முகம், இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

பிறகு பரக்கத் அலியின் பக்கம் திரும்பி, அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் காட்டிக் கேட்டாள். "அத செத்தக் குடுங்கண்ணா."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் வைத்து வேன் போன திசையில் திருப்பினாள்.

"ஒண்ணுமே தெரியலீங்களே. மசமசன்னு இருக்குது. அவரு திரும்பிப் பாக்குறாருங்களா?"

"நடுவுல இருக்கற சக்கரத்தைத் திருப்புங்கம்மா. மெதுவா."

திருப்பினாள். ஏரிக்கரை தெளிந்தது, வேனின் பின்கண்ணாடி தெளிந்தது. கண்ணாடியில் முழுக்க வானம்தான் தெரிந்தது. வேன் சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் போயிற்று. அவள் பைனாகுலரை இறக்காமல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரக்கத் அலி திருப்பிக் கேட்கவில்லை.