துளையில் நின்ற தண்ணீர்

கோமதியின் குளியல் தொட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின் குளித்தது என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும். எழுபத்தைந்தாம் வருஷம் நவம்பர் மாதம், டொராண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோவில் ஓர் ஆறாவது மாடி ஃபிளாட்டில் அது நடந்தது. குளிப்பாட்டியவள் சாட்சாத் கோமதியேதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையாக, அந்தக் குளியலால்தான் எல்லாம் நாசமாயிற்று என்று மூன்று மாதம் கழித்துத் தலையில் அடித்துக்கொண்டவளும் அவள்தான்.

அவள் புருஷன் கல்யாணசுந்தரம் சாமானிய ஆள் இல்லை. அம்பத்தூரில் இன்ஜின் வேலையில் பெயர் எடுத்தவர். ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். டொராண்டோவுக்கு வந்து நாலு வருஷம் ஒரு டிராக்டர் ஃபாக்டரியில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது பேரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் இல்லையாம். கொண்டுபோன தயிர்சாதத்தைத் தொடாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் ஆறு மாதம் ஏறாத படி இல்லை. எந்தப் படியும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஏழாவது மாதம் ஏறுவதை நிறுத்தினார். எட்டாவது மாதம் பேச்சையும் நிறுத்தினார். காலையில் எழுந்து, ஷேவ் செய்து, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கோமதிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரார் ரத்தத்தை எல்லாம் சோதித்து இன்ன வியாதி என்று எழுதித் தருகிற புண்ணியவதிக்கு வீட்டில் இருக்கிறவருக்கு என்ன வியாதி என்று தெரியவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? ஏதாவது பேசுங்களேன்" என்று கத்தியும் பார்த்தாள். அழுதும் பார்த்தாள்.

"என்ன பேசறது" என்பார். அதோடு சரி.

அந்த சமயத்தில் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்து சேர்ந்தவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, டவுன்டவுனில் கணக்கர். கட்டடத்துக்குப் பின்தெருவில் சொந்த வீடு. பஸ் ஸ்டாப்பில் கோமதியின் கையில் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியவர்.

"தம்பி, கேளும்" என்றார் ஒரு நாள் கல்யாணசுந்தரத்திடம். "கிங்ஸ்டன் ரோட்டில ஃபெர்கஸ் எண்டொரு கிழவன் மோட்டச்சைக்கிள் கடை வச்சிருக்கிறான். அவன்ர கடைக்குப் பின்னால முப்பது வருசத்துப் பழைய இங்கிலீசு சைக்கிள் ஒண்டு மழையிலயும் பனியிலயும் கிடந்து இறுகிப்போச்சு. உதின்ர இன்ஜினை ஆரும் ஓட வச்சுக் கொண்டுவந்தால், குளிர் முடிஞ்சு ஏப்ரலில கடை திறக்கேக்க வேலை தாறானாம். சேர்ட்டிபிகேட் ஒண்டும் கேக்க மாட்டான். எங்கட வீட்டு கராஜ் சும்மாதான் கிடக்கு. நீர் வந்து வேலை செய்யும்."

கல்யாணசுந்தரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிங்கிள் சிலிண்டரா?" என்று கேட்டார்.

ஐயோ, அந்த ஒரு கேள்விக்கு அவள் எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டாள் தெரியுமா! ஏப்ரலில் வேலை. ஏப்ரலில் இந்த வீட்டில் மறுபடி மனுஷக் குரல். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்ஜின் என்றா அதைச் சொல்வது? துருப்பிடித்த அம்மிக்கல். பிஸ்டன் சிலிண்டரோடு சிலிண்டராக ஒட்டிப்போய், பத்து வருஷமாக அசையாமல் நின்றுவிட்டது. அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, தினமும் போய் மரக்கட்டையை மேலே வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவார். பலமாக அடித்தால் உடைந்துவிடும். மூன்று வாரம் இப்படி. ஒரு சாயங்காலம் கையெல்லாம் கறுப்பாக ஓடிவந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"விட்டுக்குடுத்துடுச்சு கோமு! ஒரு நூல் அளவு நகந்துச்சு, அப்புறம் வழுக்கிட்டு வந்துடுச்சு!"

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்து என்ன ஆகவேண்டும்? தோசையைக் கருக விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் இன்ஜினின் அடிப்பாகத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கேஸ் என்பார் அதை. பிஸ்டன் தள்ளத் தள்ளச் சுற்றுகிற கிராங்க்கை உள்ளே வைத்து மூடுகிற இரண்டு அலுமினியப் பாதிகள். விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிலிண்டருக்கு அளவு எடுக்கக் கராஜுக்குப் போய்விட்டார். கோமதிக்கு அன்று லீவு. முப்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்ததைப் பார்த்தாள். நம்மால் அவருக்கு வேறென்ன செய்ய முடியும் என்று தோன்றியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியில் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷை வைத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். முழங்கை வலிக்கிற வரை தேய்த்தாள். பிறகு பால்கனியில் துண்டை விரித்து, வடாம் காயவைக்கிற மாதிரி இரண்டு பாதிகளையும் வெயிலில் பரப்பினாள். மெட்ராஸ் வெயில் என்று நினைப்பு. மெட்ராஸில் எதைக் கழுவி வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் மொறுமொறு என்று காய்ந்துவிடும். நவம்பர் மாதத்து ஸ்கார்பரோ வெயில் வெறும் வெளிச்சம்தான், சூடு கிடையாது என்பது நாலு வருஷம் இருந்தவளுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. மேலே தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. உள்ளே எடுத்து வைத்தாள்.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மாதக்கணக்காகக் காணாத சிரிப்பு அது.

"அடேயப்பா! கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு தேச்ச மாதிரி இருக்கே. எங்க வொர்க்ஷாப்ல உன்னை வேலைக்கு வச்சிருக்கலாம்."

பெருமை தாங்கவில்லை அவளுக்கு. மறுநாள் லேபில் எல்லாரிடமும் சொன்னாள்.

டிசம்பரில் கராஜில் கேஸை மூடி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிற நாலு நீள போல்ட்டுகளையும் கேஸில் இருந்த அடி மூடிய துளைகளில் திருகி இறுக்கினார். பிஸ்டன் ரிங் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவேண்டும். அது வரும் வரை ஆறு ஏழு வாரம் இன்ஜின் அப்படியே கராஜில் இருந்தது. அந்த வருஷத்து ஜனவரிக் குளிர் அசல் குளிர். மூக்கு முடி விறைத்துக்கொள்ளும்.

ரிங் வந்தது. பார்சலை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தவர் ஒரு வாரம் தொடவே இல்லை. "ரொம்பக் குளிரா இருக்கு" என்றார் ஒரு நாள். "முதுகு பிடிச்சிருக்கு" என்றார் இன்னொரு நாள். கடைசியில் கோமதியே பார்சலைக் கையில் கொடுத்து, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"கேஸ் விரிஞ்சிடுச்சு."

"என்னது?"

"போல்ட் துளையிலேர்ந்து பேரிங் உக்கார்ற இடம் வரைக்கும் விரிசல். போச்சு. அவ்வளவுதான்."

ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேச்சு மறுபடி நின்றது. இந்தத் தடவை ஷேவும் நின்றது. உள்ளங்கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் கைதான் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறார் போலும் என்று கோமதி எண்ணிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நவரத்தினம் வந்தார். கல்யாணசுந்தரம் துணி துவைக்க அடித்தளத்து மிஷினுக்குப் போயிருந்த நேரம்.

"தங்கச்சி, நான் உந்தக் கேஸை ஃபெர்கஸிட்டக் கொண்டுபோய்க் காட்டினனான். பார்த்த உடன சொல்லிப்போட்டான். துளைக்குள்ள தண்ணி நிண்டிருக்கு. அதுக்கு மேல போல்ட்டை இறுக்கியிருக்கு. தண்ணி உறைஞ்சு வீங்கிப் பிளந்துபோட்டுது. போன வருசம் என்ர வீட்டுக் குழாயும் இப்பிடித்தான் வெடிச்சது. துளையில தண்ணி விடுற ஆளை நான் என்னெண்டு வேலைக்கு எடுக்கிறது எண்டு கேக்கிறான்."

கோமதிக்குக் குளியல் தொட்டி ஞாபகம் வந்தது.

"அண்ணா, அதைக் கழுவினது நான். ஐயோ, நான்தான் பாவி. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. போய்ச் சொல்லுங்க அண்ணா, பொம்பளை தெரியாம கழுவிட்டான்னு சொல்லுங்க. அவர் கை ஒரு தப்பும் பண்ணல."

நவரத்தினம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஓம், அப்பிடியெண்டால் கதை வேற. இப்பவே அவன்ர வீட்டை போறன். பின்னேரம் போன் எடுக்கிறன். அழாதையும்."

அழாமல் எப்படி இருப்பது? ஆனால் அழுகையோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. தப்பு தன்னுடையது என்றால் அவருடையது இல்லை. சொல்லிவிட்டால் போதும். கத்தட்டும், தட்டைத் தூக்கி எறியட்டும், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். திட்டு வாங்க இவ்வளவு ஆசைப்பட்ட பெண்டாட்டி ஸ்கார்பரோவில் வேறு இருந்திருக்கமாட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, அவரைச் சாப்பிட உட்காரவைத்தாள். எதிரில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் கொட்டினாள்.

"என்னங்க, அந்தக் கேஸ் வெடிச்சது என்னாலதான். அன்னிக்கு நான் கழுவினேன்ல, துளைக்குள்ள தண்ணி நின்னிருக்கு. அது உறைஞ்சுதான் வெடிச்சிருக்கு. உங்க தப்பே இல்ல. என்னைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

கல்யாணசுந்தரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தண்ணி இருந்தது எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"போல்ட்டைத் திருகறப்ப ஓரத்துல பிதுங்கி வந்துச்சு. பாத்தேன்."

"கழட்டித் துடைச்சிருக்கலாமே?"

"துடைச்சிருக்கலாம். பக்கத்துலேயே துணி இருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை."

"உறைஞ்சா வெடிக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் கோமு. நாலு குளிர்காலம் பாத்தாச்சே. தெரியாம என்ன?"

"அப்புறம் ஏன்?"

அவர் அப்பளத்தை ஒடித்தார். சாப்பிடவில்லை.

"ஓடிட்டா ஏப்ரல்ல வேலைக்குப் போகணும். போனா ஒரு நாள் அவனும் கூப்பிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லுவான். அதை இன்னொரு தடவை நின்னு கேக்க என்னால முடியாது. பிரிச்சுப் போட்டு வேலை பாக்கறவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒவ்வொண்ணா மாட்ட ஆரம்பிச்சதும் ராத்திரி தூக்கம் போச்சு. அன்னிக்கு அந்தத் தண்ணியப் பாத்ததும், சரி, இருக்கட்டும்னு தோணுச்சு. இறுக்கிட்டேன்."

கையில் இருந்த கரண்டியால் ஓங்கி ஒன்று போடலாமா என்று வந்தது அவளுக்கு. நாலு மாதம்! நாலு மாதம் ஏப்ரல், ஏப்ரல் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்தானே? அதற்கு முன்னால் சுவரோடு குடித்தனம் நடத்தியவள் அவள்தானே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த மனுஷன்? திட்ட வாயைத் திறந்தாள்.

அப்போது சுவரில் இருந்த போன் அடித்தது. கல்யாணசுந்தரத்தின் தோள் இரண்டும் ஒடுங்கின. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பயந்த பிள்ளை பெஞ்சில் குனிவது மாதிரி குனிந்தார். கோமதி போனை எடுத்தாள்.

"தங்கச்சி, நான் நவரத்தினம். ஃபெர்கஸ் ஓமெண்டிட்டான்! இன்னொரு பழைய கேஸ் அவனிட்டக் கிடக்காம், எடுத்துக்கொண்டு போகச் சொல்லுறான். நாளைக்குப் பத்து மணிக்குத் தம்பியை வெளிக்கிட்டு நிக்கச் சொல்லும். நான் அரை நாள் லீவு போட்டிட்டு வாறன். என்ன, சத்தத்தைக் காணேல்லை? கேக்குதோ?"

"கேக்குது அண்ணா."

கல்யாணசுந்தரம் தலை நிமிரவில்லை. விரல்களும் சோற்றுக்குள் அசையாமல் நின்றன. நாளைக் காலையில் மஃப்ளரைச் சுற்றி, முதுகில் கைவைத்து, வாசலுக்கு வெளியே தள்ள அவளால் முடியும். போவார். போய் இன்னொரு துளையில் இன்னொரு தண்ணீரைத் தேடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

"வேணாம் அண்ணா" என்றாள். "எங்களுக்கு வேணாம். ஃபெர்கஸ்கிட்ட சொல்லிடுங்க."

"என்ன பிள்ளை இது? விசரே உமக்கு?"

"மன்னிச்சுக்குங்க அண்ணா." போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

பின்னால் அவர் நீளமாக மூச்சு விடுவது கேட்டது. பிறகு தட்டு நகர்கிற சத்தம்.

"கோமு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தேன்" என்றார். "அப்பளம் இன்னொண்ணு இருக்கா?"

ஊற்றினாள். அப்பளமும் போட்டாள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.