ஐஸ்பெட்டிக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு காட்சிதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில், எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து ஆற்றோரப் பூங்காவில், நண்பர்களோடு ரப்பர் வளையத்தில் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு படகு கடந்தது. பின்னிருக்கையில் ஒரு பெரியவர். முன்னிருக்கையில், லைஃப் ஜாக்கெட் அணிந்த ஓர் ஐஸ்பெட்டி. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

மாலை வெயிலில் ஆறு பொன்னை உருக்கி ஊற்றிய— (வேண்டாம். ஆறு டீ நிறத்தில் இருந்தது.)

அவருக்கு லோவெல் என்று பெயர் வைக்கிறேன். முதல் வரைவில் அவர் மனைவி ஆர்லீனைக் கொன்றிருந்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. உயிர்ப்பித்து, அரிசோனாவில், கோல்ஃப் ஆடும் ஒருவரோடு குடிவைத்தேன். லோவெலுக்கு இது இன்னும் மோசம் என்பது பிறகுதான் உறைத்தது.

பூங்கா வாசலில் காரின் என்ற பெண் வண்டிகளை உள்ளே விடுகிறாள்.

"என்ன லோவெல், இந்தத் தடவ தனியாவா?"

"துணைக்கு ஐஸ்பெட்டி வருது. முன்னால கனம் இல்லன்னா காத்து படகைச் சுத்திவிட்ரும்."

"அது துடுப்பு போடுமா?"

"ஆர்லீன் மட்டும் போட்டாளாக்கும்? இடது பக்கம் போ, இடது பக்கம் போன்னு கத்துவா, அவ்வளவுதான்."

"சாயங்காலம் நான் வந்து பாக்கட்டுமா?"

"சேச்சே, எதுக்கு!"

3

ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். ஆகவே கீழ்த்துறையில் ஒரு சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, காரில் மேல்துறைக்கு வந்து படகை இறக்குவார்கள். கரை சேர்ந்ததும் சைக்கிளை மிதித்துப் போய்க் காரை எடுத்துவர வேண்டும்.

சேர்ந்து படகு விட்ட அத்தனை வருடமும், கிளம்பும் முன், ஆர்லீன் திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்: "சாவி?" லோவெல் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார்.

ஐஸ்பெட்டி கேட்கவில்லை.

(அதைப் பேசவைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். பேசினால் அது வேறு கதை. லோவெலுக்குத் துணை கிடைத்துவிடும்.)

4

கீழ்த்துறை. சைக்கிளின் சாவி மேல்துறையில், காருக்குள். ஃபோனுக்கு சிக்னல் இல்லை. காட்டுச் சாலையில் நடந்தால் நள்ளிரவாகிவிடும். லோவெலின் இடுப்பு அதற்குச் சம்மதிக்காது. பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது.

"வாங்க, உங்க கார்கிட்ட விட்டுட்டுப் போறோம்."

"பரவால்லங்க. சைக்கிள் இருக்கே."

"இருட்டப் போகுதுங்க. ஏறுங்க, சும்மா."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? காத்தாட நல்லாத்தான் இருக்கு."

"சரி, உங்க இஷ்டம்."

வேன் போய்விட்டது.*

* விஸ்கான்சின்காரர்கள் எந்த உதவியையும் இரண்டு முறை மறுப்பார்கள். மூன்றாம் முறை கேட்டால், "சரி, உங்களுக்குப் போற வழின்னா" என்று ஏறிக்கொள்வார்கள். இல்லினாய்ஸ்காரர்கள் பாவம், சொன்னதை நம்பிவிடுகிறவர்கள்.

5

முடிவு அ: ஆர்லீன் ஃபோன் செய்கிறாள். (சிக்னல் இல்லை என்று நானே எழுதித் தொலைத்துவிட்டேன்.)

முடிவு ஆ: பூங்கா வாசலில் வேலை முடிந்து, காரின் தன் வண்டியில் அந்த வழியாக வருகிறாள். அவள் உள்ளூர்க்காரி, மூன்று முறையும் கேட்பாள். அனுப்பியும் பார்த்தேன். கதை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டபோது, லோவெல் கவிழ்த்து வைத்த படகுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவள் வண்டி தாண்டும்வரை எழவே இல்லை. அவர் அப்படிச் செய்வாரென்று நான் நினைக்கவில்லை.

முடிவு இ: லோவெல் ஐஸ்பெட்டியின் ஜாக்கெட்டைக் கழற்றித் தானே— (வேண்டாம்.)

6

வேறு யாரும் என்னிடம் இல்லை. சாலையில் இனி ஒரே வண்டிதான் வரும். அதை ஓட்டுவது நீங்கள்.

வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்குகிறீர்கள். ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, பரவால்லங்க என்கிறார். மறுபடியும் கேட்கிறீர்கள். சிரிக்கிறார், எங்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. எதுக்குங்க உங்களுக்குச் சிரமம் என்கிறார்.

உங்கள் கால் இன்னும் பிரேக்கில்தான் இருக்கிறது.